போல் ஹேர்மன் (1646 – 1695): இலங்கைத் தாவரங்களை ஏட்டில் ஒட்டிய வைத்தியர்

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் மாணவர் ஒருவருக்குப் பூவரசு மரத்தை அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. வேலியோரங்களிலும் தோணித் துறைகளிலும் கோயில் வீதிகளிலும் அது நிற்கிறது. மஞ்சளாக விரியும் அதன் பூ, வாடும்போது செந்நிறமாக மாறிவிடும். அதன் இலையைச் சுருட்டிக் குழல் ஊதி விளையாடாத பிள்ளைகள் எம்மிடையே குறைவு. இம்மரத்தின் விஞ்ஞானப் பெயர் தெஸ்பேசியா பொபுல்னியா என்பதாகும். இப்பெயரின் மூலத்தைத் தேடிச் சென்றால், நாம் வாவிக் கரையை விட்டு வெகுதூரம் போகவேண்டியிருக்கும். இலண்டன் மாநகரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையில் மிகப் பழைய தோற்கட்டு ஏடுகள் சில பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் தாள்களில், ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கையிற் பறிக்கப்பட்ட இலைகளும் பூக்களும் காய்ந்த நிலையில் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றுள் பூவரசும் ஒன்று.

அவ்வேடுகளைத் தொகுத்தவர் போல் ஹேர்மன் என்னும் வைத்தியர். ஒல்லாந்தர் ஆட்சி பற்றி வரலாறு பாடத்திற் கற்கிறோம். இருசொற் பெயரீடு பற்றி விஞ்ஞான பாடத்திற் கற்கிறோம். இரண்டையும் தொடர்பற்ற அலகுகளாகவே பலரும் மனனஞ் செய்கின்றனர். ஹேர்மனின் வாழ்க்கையைப் படிப்பவர், இவ்விரண்டும் ஒரே ஏட்டில் வந்து சேர்வதைக் காண்பார்.

இளமையும் கல்வியும்

ஹேர்மன் 1646ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆம் திகதி யேர்மனியின் ஹாலே நகரிற் பிறந்தார். தந்தையார் தேவாலயத்தில் ஓர்கன் என்னும் இசைக்கருவியை வாசிப்பவர். தாயார் மதகுரு ஒருவரின் மகள். ஐரோப்பாவைப் பாழாக்கிய முப்பதாண்டுப் போர் முடிவடைந்தது 1648 இல் ஆகும். எனவே போர் ஓய்ந்து மக்கள் மீண்டெழுந்த காலத்திலேயே அவருடைய இளமை கழிந்தது என்பதை நினைவிற் கொள்க.

மருத்துவம் பயில விரும்பிய ஹேர்மன் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தை அடைந்து, 1670 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் வைத்தியரும் தாவரவியலாளரும் வேறுவேறானவர் அல்லர். மருந்துகளிற் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே கிடைத்தமையால், செடியை அறியாதவர் வைத்தியஞ் செய்ய முடியாது என்ற நிலை காணப்பட்டது. எமது நாட்டு வைத்தியப் பரியாரிமாரும் இதனை ஏற்றுக்கொள்வர். பதுவாவில் 1545 ஆம் ஆண்டிலேயே மூலிகைத் தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அது இன்றும் அதே இடத்தில் உள்ளது. செடியைத் தாள்களுக்கிடையே அழுத்திக் காயவைத்து ஏட்டில் ஒட்டும் முறையும் பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியிலேயே வளர்ச்சி பெற்றது. இவ்வாறு ஒட்டிச் சேர்க்கப்பட்ட தொகுப்பை உலர்தாவரத் தொகுதி என்கிறோம். ஹேர்பேரியம் என்ற பெயரும் வழக்கிலுள்ளது.

இம்முறையின் பயன் எளிமையானது. தோட்டத்துச் செடி பருவத்துக்குப் பருவம் மாறும், பட்டும் போகும். ஓவியத்தில் ஓவியர் கண்டது மட்டுமே இருக்கும். காய்ந்த செடியோ, யார் எப்போது திறந்து பார்த்தாலும் தன் இலை நரம்பையும் பூவின் உறுப்புகளையும் காட்டும். பூச்சியும் ஈரமும் மட்டுமே அதன் பகைவர். இவ்விரண்டுக்கும் குறைவில்லாத நாடு ஒன்றுக்குத்தான் ஹேர்மன் அடுத்ததாகப் புறப்பட்டார்.

கம்பனியின் கப்பலில்

1602 இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, ஹேர்மனின் காலத்தில் உலகின் பெரும் வணிக நிறுவனமாக விளங்கியது. இலங்கையில் அதன் வரலாறு எமது வாவிக் கரையிலிருந்தே தொடங்குகிறது எனலாம். ஒல்லாந்தக் கடற்றளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கரையில் இறங்கியே கண்டி மன்னனைச் சந்திக்கச் சென்றார். போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கட்டிய கோட்டையை 1638 ஆம் ஆண்டு மே மாதம் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இத்தீவில் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய முதற் கோட்டை அதுவேயாகும். பின்னர் 1656 இற் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின.

ஹேர்மன் 1672 இற் கம்பனியின் வைத்தியராகக் கப்பலேறினார். அப்போது அவர் இருபதுகளின் நடுப்பகுதியில் இருந்த இளைஞர். வழியிற் கப்பல் நன்னம்பிக்கை முனையில் தங்கியது. அங்கே கம்பனி 1652 இல் ஒரு தங்குதுறையை நிறுவியிருந்தது. நெடுநாட் கடற்பயணத்திற் களைத்தவர்கள் கரையில் ஓய்வெடுப்பதே வழக்கம். ஹேர்மனோ மலைச்சரிவுகளில் ஏறிச் செடிகளைப் பறித்தார். ஆபிரிக்காவின் அம்முனையிலிருந்து ஐரோப்பிய அறிஞரின் கைக்குக் கிட்டிய மிகப் பழைய உலர்தாவர மாதிரிகளுள் அவர் சேர்த்தவை இடம்பெறுகின்றன. பிற்காலத்திற் பிரான்சு நாட்டுத் தாவரவியலாளர் துர்னபோர், ஒரு தாவரச் சாதிக்கு ஹேர்மானியா எனப் பெயரிட்டு இவரைக் கௌரவித்தார். அச்சாதியின் இனங்களிற் பெரும்பாலானவை தென்னாபிரிக்காவிலேயே வளர்கின்றன.

இலங்கையில் ஹேர்மன்

கொழும்பில் அவருக்கு இருந்த முதற்கடமை நோயாளரைக் கவனிப்பதாகும். கம்பனியின் படைவீரரும் மாலுமிகளும் காய்ச்சலினாலும் வயிற்றோட்டத்தினாலும் பெருந்தொகையாக மாண்டனர். ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட மருந்துகள் பல மாதக் கடற்பயணத்திற் கெட்டு, வீரியமிழந்து வந்து சேர்ந்தன. அவற்றின் விலையும் அதிகம். ஆகவே உள்ளூர் மூலிகைகளைக் கண்டறிவதிற் கம்பனி அக்கறை காட்டியது. இந்த அக்கறை அறிவுத் தாகத்தினால் மட்டும் எழுந்ததன்று. படைவீரன் சாகாதிருந்தாற் செலவு குறையும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் அக்கணக்கின் நிழலிலேயே ஹேர்மன் தமக்கு விருப்பமான வேலையைச் செய்துகொண்டார்.

அவருடைய காலத்தில் நாட்டின் உட்பகுதி இரண்டாம் இராசசிங்கனின் (1635 – 1687) கண்டி இராச்சியமாக இருந்தது. அந்நியர் அங்கே நினைத்தபடி நடமாட இயலாது. 1660 இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்திற் சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைவாசம் அனுபவித்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். நொக்ஸ் உள்ளே அகப்பட்டிருந்த அதே ஆண்டுகளில், ஹேர்மன் வெளியே கொழும்பைச் சூழ்ந்த தாழ்நிலத்திற் செடி பறித்துக்கொண்டிருந்தார். எனவே அவருடைய ஏடுகளில் தென்மேற்கின் ஈரவலயத் தாவரங்களே மிகுதி. மலைநாட்டுத் தாவரங்களும் கிழக்கின் உலர்வலயக் காட்டுத் தாவரங்களும் மிகக் குறைவு. பூவரசு போலக் கரையோரம் எங்கும் வளரும் மரங்களே எமக்கும் அவருக்கும் பொதுவானவை.

கம்பனிக்கு எல்லாவற்றிலும் முக்கியமான தாவரம் கறுவாவாகும். அக்காலத்திற் கறுவாத் தோட்டங்கள் இருக்கவில்லை. அரசாங்கக் கறுவாத் தோட்டம் மருதானையில் 1769 இலேயே தொடங்கப்பட்டது. அதுவரை காட்டு மரங்களிலிருந்தே பட்டை உரிக்கப்பட்டது. உரிக்கும் ஊழியம் சாலியர் சமூகத்தவர் மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்டிருந்தது. கறுவா மரத்தைச் சேதப்படுத்துவோருக்கும் களவாக விற்போருக்கும் கடுந்தண்டனை, மரணதண்டனை கூட, விதிக்கப்பட்டது. ஹேர்மனின் ஏட்டிலுள்ள கறுவா இலையைப் பார்க்கும்போது இதனையும் மறந்துவிடலாகாது. ஒரே செடி வைத்தியருக்கு ஆராய்ச்சிப் பொருளாகவும், வணிகருக்கு இலாபமாகவும், பட்டை உரித்தவருக்குப் பெருஞ்சுமையாகவும் இருந்தது.

செடியை உலர்த்துவது பார்ப்பதற்கு இலகுவான வேலை போலத் தோன்றும். மழைக்காலத்திற் செய்து பார்த்தவர்களுக்கே அதன் கஷ்டம் புரியும். தாள் ஈரத்தை உறிஞ்சும், மறுநாளே பூஞ்சணம் பிடிக்கும். தாள்களை நாள்தோறும் மாற்றவேண்டும். சாறு மிகுந்த தண்டுகள் கறுத்து அழுகும். ஒழுங்காக உலர்ந்தவற்றையும் பூச்சியும் கறையானும் அரிக்கும். இத்தனையையும் தாண்டி நூற்றுக்கணக்கான செடிகளை உலர்த்தி, கெடாமற் கப்பலேற்றி, ஐரோப்பாவிற் சேர்த்ததே ஹேர்மனின் முதற் சாதனை.

அவருடைய இரண்டாவது சாதனை, பெயர்களைப் பதிவுசெய்தமையாகும். செடிகளுக்கு அருகே, இங்குள்ள மக்கள் அவற்றை எப்பெயரால் அழைத்தார்களோ அப்பெயரையும் இலத்தீன் எழுத்தில் எழுதிவைத்தார். அவற்றிற் பெரும்பாலானவை சிங்களப் பெயர்கள். பூச்சியைப் பிடிக்கும் குடுவைச் செடியை அவர் பந்துரா எனக் குறித்தார். இன்றும் சிங்கள மக்கள் அதனைப் பந்துரா என்றே சொல்கின்றனர். ஒரு செடியின் பெயரை அந்நியர் ஒருவர் எழுதவேண்டுமாயின், அதனைச் சொல்லிக்கொடுக்க ஊரவர் ஒருவர் அருகே நின்றிருக்க வேண்டும். ஆகவே அவ்வேடுகளில் ஹேர்மனின் உழைப்போடு, காட்டு வழியையும் மூலிகையையும் அறிந்திருந்த இத்தீவு மக்களின் அறிவும் சேர்ந்துள்ளது. இதே காலத்திற் கேரளத்திற் கம்பனி அதிகாரியான வான் ரீட் என்பவர் ஹோர்டஸ் மலபாரிகஸ் என்ற பன்னிரண்டு தொகுதி நூலை (1678 – 1693) வெளியிட்டார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் வேறு சிலரும் அளித்த உதவி அந்நூலிற் பெயர் சொல்லிப் பதிவாகியுள்ளது. அந்தப் பேறு எல்லா இடத்து மக்களுக்கும் கிட்டவில்லை.

லெய்டன் பேராசிரியர்

லெய்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியர் பதவி வெற்றிடமானபோது, 1679 இல் அது ஹேர்மனுக்குக் கிடைத்தது. ஒல்லாந்து திரும்பிய அவர் தமது எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார். பல்கலைக்கழகத் தாவரவியற் பூங்கா அவர் பொறுப்பில் இருந்தது. கீழைத்தேயத்திலிருந்தும் நன்னம்பிக்கை முனையிலிருந்தும் வந்த விதைகளையும் கிழங்குகளையும் அவர் அங்கே வளர்த்தார். பனி பெய்யும் நாட்டில் வெப்பநாட்டுச் செடிகளைக் காப்பாற்றுவது சாதாரண காரியமன்று. பூங்காவின் தாவரங்களை விபரிக்கும் பட்டியல் நூலை அவர் 1687 இல் வெளியிட்டார்.

ஆனால் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை எழுதி முடிக்க அவருக்கு ஆயுள் போதவில்லை. 1695ஆம் ஆண்டு சனவரி 29ஆம் திகதி, நாற்பத்தெட்டு வயதில் அவர் இறந்தார். விரிவுரைகளும் நோயாளரும் பூங்காவும் அவருடைய நேரத்தை விழுங்கிவிட்டன. குறிப்புகள் கட்டுக்கட்டாக எஞ்சின. ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் ஷெராட் அவருடைய மனைவிக்கு உதவியாக முன்வந்து, பரடைசஸ் பட்டாவஸ் என்ற நூலை 1698 இற் பதிப்பித்தார். இலங்கைத் தாவரங்களை உள்ளூர்ப் பெயர்களின் கீழ்த் தொகுத்துத் தரும் மியூசியம் சிலானிக்கம் 1717 இல் வெளிவந்தது. இன்று ஹேர்மனைப் பற்றிப் பேசுவதற்கு இந்நூல்களை விட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. அது அவர் விட்டுச்சென்ற ஏடுகள்.

காணாமற்போன ஏடுகள்

ஹேர்மன் இறந்தபின் அவருடைய சேகரிப்புகள் சிதறின. ஒரு பகுதி பேர்மன் என்ற ஆம்ஸ்டர்டாம் பேராசிரியருக்குப் பயன்பட்டது. அவர் 1737 இற் தெசாரஸ் சிலானிக்கஸ் என்ற நூலை வெளியிட்டார். வேறு சில ஏடுகள் லெய்டனிலும் பாரிசிலும் இன்றும் உள்ளன. மிகச் சிறந்த பகுதி, அதாவது உலர்ந்த செடிகள் ஒட்டிய நான்கு ஏடுகளும் படங்கள் கொண்ட ஓர் ஏடும், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அறிஞர் உலகின் பார்வையிலிருந்து மறைந்துபோயின.

1744 அளவில் அவை டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் வெளிப்பட்டன. அரச மருந்தாளர் ஓகஸ்ட் குந்தர் என்பவரிடம் அவை இருந்தன. அச்செடிகள் யாவை என்பதை அறிய விரும்பிய குந்தர், அக்காலத்திற் புகழ் பெற்றிருந்த சுவீடன் நாட்டு அறிஞர் ஒருவருக்கு அவற்றை அனுப்பிவைத்தார். அவ்வறிஞர் வேறு யாருமல்லர். உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் கரோலஸ் லினேயஸ் (1707 – 1778).

லினேயஸ் இளமையில், 1735 இல் ஆம்ஸ்டர்டாமிற் பேர்மனின் வீட்டிற் தங்கி, இலங்கைத் தாவர நூலுக்கு உதவிசெய்தவர். ஆகவே தம்மிடம் வந்த ஏடுகள் ஹேர்மனுடையவை என்பதை அவர் கண்டுகொண்டார். இந்த இடத்திற் சற்று நின்று சிந்திக்கவேண்டும். குந்தர் அவ்வேடுகளைப் பழங்குப்பை என ஒதுக்கியிருந்தால், அல்லது தாவரம் பற்றி அக்கறையற்ற ஒருவருக்கு விற்றிருந்தால், கொழும்புக் காட்டிற் பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும். ஒரு தொகுப்பின் தலைவிதி, அதனைச் சேர்த்தவரை விட அதனை வைத்திருப்பவரின் கையிலேயே பெரும்பாலும் தங்கியுள்ளது.

லினேயஸ் தாவரங்களை வகைப்படுத்தியது பூவிலுள்ள கேசரங்களின் எண்ணிக்கையையும் சூலகத்தின் அமைப்பையும் அடிப்படையாகக் கொண்டாகும். எழுபது ஆண்டு பழைமையான, பட்டால் நொறுங்கும் பூவிற் கேசரங்களை எண்ணுவது எவ்வளவு பொறுமைக்குரிய வேலை என்பதை நீங்களே ஊகிக்கலாம். அவர் ஒவ்வொரு செடிக்கும் இலக்கமிட்டார். அவ்விலக்கங்கள் ஏடுகளில் அவருடைய கையெழுத்திலேயே உள்ளன. இவ்வாராய்ச்சியின் பயனாக 1747 இற் புளோரா சிலானிக்கா, அதாவது இலங்கைத் தாவரத் தொகுப்பு, வெளிவந்தது. அதில் 600 இற்கும் மேற்பட்ட தாவரங்கள் இடம்பெற்றன. லினேயஸ் ஒருபோதும் இலங்கைக்கு வந்தவரல்லர். இலங்கையின் மண்ணை மிதிக்காத ஒருவர், காய்ந்த இலைகளைக் கொண்டே இத்தீவின் தாவரங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

பெயர் நிலைபெற்ற விதம்

பரீட்சைக்குத் தோற்றும் மாணவர்கள் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். 1747 இல் வெளிவந்த நூலில் இருசொற் பெயர்கள் இல்லை. அக்காலத்தில் ஒரு தாவரத்தின் பெயர் என்பது ஒரு நீண்ட விபரணமே. இலை இன்ன வடிவம், நரம்பு இத்தனை, பூ இன்ன நிறம் என்று ஒரு வசனமே பெயராக இருந்தது. 1753 இல் லினேயஸ் வெளியிட்ட ஸ்பீஷீஸ் பிளாண்டாரம் என்னும் நூலிலேயே, சாதிப் பெயர் ஒன்றும் இனப்பெயர் ஒன்றுமாக இரண்டு சொற்களால் எல்லாத் தாவரங்களுக்கும் பெயரிடப்பட்டது. தாவரப் பெயரீட்டின் தொடக்கமாக இந்நூலையே இன்றும் விஞ்ஞானிகள் கொள்கின்றனர். இலங்கைத் தாவரங்களுக்கு அதிற் பெயரிடும்போது, லினேயஸ் தமது 1747 ஆம் ஆண்டு நூலையும் அதன் இலக்கங்களையும் ஆதாரமாகச் சுட்டினார். அவ்விலக்கங்களோ ஹேர்மனின் ஏடுகளைச் சுட்டுகின்றன. ஆகவே பெயரிலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து இலக்கத்துக்கும், இலக்கத்திலிருந்து காய்ந்த செடிக்கும் ஒருவர் தடம்பிடித்துச் செல்லமுடியும்.

இவ்வாறு ஒரு பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மாதிரியை மூலமாதிரி என்பர். பெயர் பற்றிப் பிணக்கு எழுந்தால் மூலமாதிரியே தீர்ப்புச் சொல்லும். பூவரசையே எடுத்துக்கொள்வோம். நாம் பூவரசு என்கிறோம். சிங்களத்திற் சூரிய என்பர். ஆங்கிலத்திற் போர்ஷியா என்பர், அச்சொல் எமது பூவரசிலிருந்தே திரிந்ததாகும். லினேயஸ் இதனைச் செவ்வரத்தையின் சாதியிற் சேர்த்து ஹிபிஸ்கஸ் பொபுல்னியஸ் என்றார். பொப்லர் என்னும் ஐரோப்பிய மரத்தின் இலையைப் போன்ற இலையுடையது என்பது இனப்பெயரின் பொருள். பின்னர் இது தெஸ்பேசியா என்னும் தனிச் சாதிக்கு மாற்றப்பட்டது. தெய்வீகமானது என்பது அச்சொல்லின் பொருள். அப்பெயரை அமைத்த சொலாண்டர், லினேயஸின் மாணவர். பெயர்கள் இவ்வளவு மாறியபோதும், இவையெல்லாம் குறிப்பது எந்த மரத்தை என்பதில் ஐயமில்லை. ஏனெனில் காய்ந்த இலை மாறவில்லை.

கறுவா, தேசிய மரமான நாகமரம், கித்துள் ஆகியனவும் ஹேர்மனின் ஏடுகள் வழியாக லினேயஸின் நூலில் இடம்பெற்றவையே. சித்திரமூலம் எனப்படும் கொடிவேலியின் விஞ்ஞானப் பெயர் பிளம்பாகோ சிலானிக்கா. சிலானிக்கா என்ற இனப்பெயர் வரும் இடங்களில் எல்லாம் எமது நாட்டின் பழைய பெயர் ஒளிந்திருக்கிறது.

இலண்டனை அடைதல்

லினேயஸ் வேலை முடிந்ததும் ஏடுகளைக் குந்தரிடமே திருப்பி அனுப்பினார். பின்னர் அவை டென்மார்க்கின் பிரபுவான மொல்ட்கேயிடம் சென்றன. 1792 இல் மொல்ட்கே இறந்தபின் திரெஸ்கோ என்ற பேராசிரியரிடம் வந்தன. அவரிடமிருந்து 1793 இல், 75 பவுணுக்கு, ஆங்கிலேயச் செல்வந்தரும் தாவரவியலாளருமான சேர் யோசப் பாங்ஸ் வாங்கினார். கப்டன் குக்குடன் உலகைச் சுற்றி வந்தவர் இவரே. அப்பயணத்தில் அவருடன் சென்ற தாவரவியலாளர்தான் மேலே கூறிய சொலாண்டர். பாங்ஸ் 1820 இல் இறந்தார். அவருடைய சேகரிப்புகள் 1827 இற் பிரித்தானிய நூதனசாலைக்கு மாற்றப்பட்டன. இயற்கை வரலாற்றுப் பிரிவு 1881 இற் தென் கென்சிங்டனிலுள்ள புதிய கட்டடத்துக்குச் சென்றபோது, ஹேர்மனின் ஏடுகளும் அங்கே குடிபுகுந்தன.

கொழும்பு, லெய்டன், கொப்பன்ஹேகன், உப்சாலா, மீண்டும் கொப்பன்ஹேகன், இறுதியில் இலண்டன். இத்தனை கைகள் மாறியும் அழியாமல் இருந்தது வியப்புக்குரியதே. எல்லாத் தொகுப்புகளுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. பேர்லினிலிருந்த மாபெரும் உலர்தாவரத் தொகுதியின் பெரும்பகுதி 1943 மார்ச் மாதத்தில் விமானக் குண்டுவீச்சில் எரிந்து சாம்பலாயிற்று. அங்கிருந்த எத்தனையோ மூலமாதிரிகள் திரும்பக் கிடைக்காதவாறு அழிந்தன.

இலங்கையிலிருந்து ஹேர்மனின் ஏடுகளை நோக்கித் திரும்பிய பார்வை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஏற்பட்டது. 1880 இற் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஹென்றி டிரைமன், ஹேர்மனின் மாதிரிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை இன்று நாம் அறிந்த எத்தாவரங்கள் என்பதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் 1893 முதல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல், ஹேர்மனும் லினேயஸும் பார்க்காத பகுதிகளையும் உள்ளடக்கியது. அதில் மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயர் பல தாவரங்களின் கீழ் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். எமது பிரதேசத் தாவரங்கள் முறையாகப் பதிவாகத் தொடங்கியது அந்தப் பேராதனைத் தொகுதியிலேயே ஆகும். அது இன்று தேசிய உலர்தாவரத் தொகுதியாக விளங்குகிறது.

ஏட்டில் இல்லாதவை

ஹேர்மனின் தொகுப்பிற் பெருங்குறை ஒன்று உண்டு. செடி எந்த ஊரில், எந்த நாளில், எவ்வகை நிலத்திற் பறிக்கப்பட்டது என்ற குறிப்பு மாதிரிகளுடன் இல்லை. அக்காலத்தில் அவ்வழக்கம் இருக்கவில்லை. எனவே அவருடைய பூவரசு எந்தக் கரையில் நின்றது என்பதைச் சொல்ல முடியாது. இன்றைய விஞ்ஞானிகள் பழைய மாதிரிகளிலிருந்து மரபணுப் பொருளைக் கூடப் பிரித்தெடுக்கின்றனர். ஒரு செடி முன்னர் எங்கெங்கே இருந்தது, எந்த மாதத்திற் பூத்தது என்றும் அவற்றிலிருந்து அறிகின்றனர். இடமும் திகதியும் எழுதப்படாத மாதிரியோ இவ்விரு கேள்விகளுக்கும் மௌனமாகவே இருக்கும்.

இது எமக்கு வெறும் நூலறிவன்று. 2004 திசெம்பர் 26 ஆம் திகதி கடற்கோள், முகத்துவாரம், நாவலடி, கல்லடி ஆகிய கரையோரங்களைச் சூறையாடியது. மனித உயிர்களின் இழப்புக்கு முன்னால் மரங்களின் இழப்பைப் பேசுவது பொருந்தாது போலத் தோன்றலாம். ஆயினும் பின்னர் கரையோரத்தில் மீண்டும் மரம் நடப் புறப்பட்டபோது, முன்னர் அங்கே எவை நின்றன என்ற கேள்வி எழவே செய்தது. எங்கே கண்டல் இருந்தது, எங்கே தில்லை இருந்தது, அடம்பன் கொடி எதுவரை படர்ந்திருந்தது? முதியவர்களின் நினைவில் ஒரு பகுதி இருந்தது. சில முதியவர்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஊர்ப்பெயரும் திகதியும் எழுதிய காய்ந்த கிளை ஒன்று ஒரு பாடசாலை அலுமாரியில் இருந்திருந்தால், அதுவும் சாட்சி சொல்லியிருக்கும்.

இவ்வேலைக்குக் கப்பலும் கம்பனியும் தேவையில்லை. பூவும் இலையும் உள்ள சிறு கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே விரித்து வைத்து, மேலே பாரம் ஏற்றி, நாள்தோறும் தாளை மாற்றினால் ஓரிரு வாரத்திற் காய்ந்துவிடும். பின்னர் தடித்த தாளில் ஒட்டி, வலப்பக்கக் கீழ் மூலையில் ஊரவர் வழங்கும் தமிழ்ப் பெயர், பறித்த இடம், திகதி, நிலத்தின் தன்மை, பறித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதவேண்டும். கண்டல் போன்ற பாதுகாக்கப்பட்ட தாவரங்களையும் சரணாலயங்களில் உள்ளவற்றையும் பறித்தல் ஆகாது. வேலியோரத்துப் பூவரசிலிருந்து தொடங்கலாம். ஹேர்மனின் ஏடுகளின் படங்களை இலண்டன் நூதனசாலை இணையத்தில் வெளியிட்டுள்ளமையால், உங்கள் தாளையும் அவருடைய தாளையும் அருகருகே வைத்து ஒப்பிடவும் முடியும்.

பயிற்சி

1. ஹேர்மனின் மாதிரிகளிற் கிழக்கு மாகாணத் தாவரங்கள் குறைவாக இருப்பதற்கான அரசியற் காரணத்தை விளக்குக.
2. 1747 ஆம் ஆண்டு நூலுக்கும் 1753 ஆம் ஆண்டு நூலுக்கும் இடையே பெயரீட்டிற் காணப்படும் வேறுபாடு யாது?
3. மூலமாதிரி என்றால் என்ன? பூவரசை உதாரணமாகக் கொண்டு எழுதுக.
4. உங்கள் ஊரில் அருகிவரும் தாவரம் ஒன்றைத் தெரிவுசெய்து, அது முன்னர் எங்கெங்கே காணப்பட்டது என்பதை வயதில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டறிந்து, திகதியுடன் பதிவுசெய்க.